ஓரம் வெட்டிய படங்கள்



2025 நவம்பரில் துபாயில் கூடிய அனைத்துலக அருங்காட்சியக மன்றத்தின் பொது மாநாட்டில் பார்வையாளராகக் கலந்துகொள்ளும் வாய்ப்பினை அல்லாஹ் எமக்கு அருளினான். 1946-இல் தோன்றிய அம்மன்றம், மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை கூட்டுகின்ற இம்மாநாட்டை அரபு மண்ணில் நடத்தியது இதுவே முதன்முறை. புதிய தொழில்நுட்பங்களும் அங்கு பேசப்பட்ட கருப்பொருள்களுள் ஒன்று. வியப்புக்குரியவை பல கண்டோம். ஆயினும் அவற்றை விவரிக்க இதனை எழுதவில்லை. பழைய ஏடுகளைப் படமெடுத்துக் காப்பது குறித்த உரையொன்றில் நாம் தலைகுனிந்து அமர்ந்திருக்க நேர்ந்தது. அதைப் பற்றியே எழுதுகிறோம்.

எம் குடும்பத்தில் கையெழுத்திலான ஓர் அரபுத்தமிழ்க் கிதாப் இருந்தது. எம் உம்மம்மா தம் இளமையில், தொழுகை நோன்புச் சட்டங்களையும் சில பைத்துகளையும் தம் கைப்படப் பார்த்தெழுதியது. உம்மம்மாவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அக்காலத்தில் நம் பெண்கள் பலரின் நிலை அதுவே. அதனால் அவர்களைப் படிக்காதவர்கள் என்று நாம் எண்ணியதும் உண்டு. அரபு எழுத்தில் தமிழை எழுதவும் படிக்கவும் நன்கு அறிந்திருந்தவர்களை அவ்வாறு எண்ணியது எம் அறியாமை. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோர் அரபுத்தமிழில் எழுதிய நூல்கள் அடுப்பங்கரை வரை சென்று சேர்ந்தது அத்தகைய பெண்களால் அன்றோ!

அந்தக் கிதாபின் ஓரங்களில் உம்மம்மா வீட்டுச் செய்திகளையும் எழுதி வைத்திருந்தார்கள். பிள்ளைகள் பிறந்த நாள், மவுத்தானவர்களின் நாள், கொடுக்கல் வாங்கல் எல்லாம் அங்கே இருந்தன.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் பெய்த மழையை நம்மவர் மறந்திருக்க மாட்டார்கள். ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். எம் வீட்டு அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த கிதாப், வெள்ளம் வடிந்தபின் கூழாகக் கிடந்தது. மை முழுவதும் கரைந்திருந்தது. உம்மா அழுதார்கள். நாமோ, "கவலை வேண்டாம், 2016-லேயே படம் எடுத்து வைத்திருக்கிறோம்" என்று பெருமையாகவே சொன்னோம்.

அந்தப் பெருமைதான் துபாயில் உடைந்தது.

ஏடு ஒன்றை எப்படிப் படமெடுக்க வேண்டும் என்று அங்கே ஒருவர் பொறுமையாக விளக்கினார். அங்குலத்துக்கு 400 புள்ளிகளேனும் பதிய வேண்டும். சுருக்கப்படாத மூலக்கோப்பு ஒன்றைத் தனியே காக்க வேண்டும். பக்கத்தருகே அளவுகோலும் வண்ண அட்டையும் வைக்க வேண்டும். அட்டை, வெற்றுப் பக்கம், தையல், ஓரம் என எதையும் விடலாகாது. 'எது முக்கியம் என்று படமெடுப்பவர் தீர்மானிக்கக் கூடாது' என்பதே அவர் பேச்சின் சாரம். பிர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் குர்ஆன் ஏடுகளை எடுத்துக்காட்டினார். இரண்டே ஏடுகள், வேறொரு கையெழுத்துப் பிரதியோடு தவறாகச் சேர்த்துத் தைக்கப்பட்டுப் பல்லாண்டுகள் கவனிப்பாரற்று இருந்தன. எழுத்தின் வடிவத்தை உற்று நோக்கிய ஆய்வாளர் ஒருவரே வேறுபாட்டைக் கண்டறிந்தார். தோலின் வயது கி.பி. 568-க்கும் 645-க்கும் இடைப்பட்டது என 2015-இல் அறிவித்தார்கள். பாரிஸ் தேசிய நூலகத்திலுள்ள 16 ஏடுகள் இதே பிரதியின் பகுதிகள் என்பதும் தெரியவந்தது. இரு நாடுகளில் பிரிந்து கிடப்பவற்றை ஒரே திரையில் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கவும் இன்று வழியுண்டு. சுப்ஹானல்லாஹ் என்றே எம் உள்ளம் கூறியது.

பிறகு எம் படங்களை நினைத்தோம். கைப்பேசியில் எடுத்தவை. அந்தக் கைப்பேசி பின்னர் பழுதாயிற்று. இப்போது எஞ்சியிருப்பவை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தபோது சுருங்கிப் போனவை. அரபுத்தமிழிலோ பொருள் முழுவதும் புள்ளியில் இருக்கிறது. தால் எழுத்தின் கீழே ஒரு புள்ளி வைத்தால் 'ட'. அது போய்விட்டால் 'மாடு' என்பது 'மாது' ஆகிவிடும். எம் படங்களில் எது புள்ளி, எது பூச்சி அரித்த துளை என்றே தெரியவில்லை. அதைவிடப் பெரிய பிழை, 'அழகாக இருக்கட்டும்' என்று ஓரங்களை வெட்டிவிட்டுப் பகிர்ந்திருந்தோம்.

லுஹர் தொழுதபின் உணவு மேசையில் வட ஆப்பிரிக்கச் சகோதரி ஒருவரிடம் இதைச் சொல்லி வருந்தினோம். கையெழுத்துப் பிரதிகளைப் பேணும் பணியில் இருப்பவர். அவர் ஆறுதல் கூறவில்லை. "அதைப் படிக்கத் தெரிந்தவர் உயிரோடு இருக்கிறாரா?" என்று மட்டும் கேட்டார். உம்மா இருக்கிறார்கள் என்றோம். "பிறகு ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்?" என்றார்.

அன்றிரவே உம்மாவை அழைத்தோம். படங்களை ஒவ்வொன்றாகத் திரையில் காட்ட, உம்மா வாசித்தார்கள். நாம் ஒலிப்பதிவு செய்தோம். எமக்கு மங்கலாகத் தெரிந்த வரிகளும் அவர்களுக்குப் பாடமாகவே இருந்தன. பதினான்காம் படத்தில் நிறுத்தினார்கள்.

"வாப்பா, இந்தப் பக்கத்து ஓரத்துலதான் அந்த அலுக்கத்து சமாச்சாரம் எழுதியிருந்துச்சு. எங்கே காணோம்?"

அண்டை வீட்டுப் பெண் ஒருவர் பயணம் போகுமுன் ஒரு சோடி அலுக்கத்தை உம்மம்மாவிடம் அமானிதமாகக் கொடுத்திருந்தாராம். திரும்பி வந்து வாங்கவேயில்லை. உம்மம்மா மவுத்தாகும் தறுவாயில், 'கிதாபில் பெயர் எழுதியிருக்கிறேன், சேர்த்துவிடு' என்று சொல்லியிருக்கிறார்கள். 'கிதாப் இருக்கிறதே, பார்த்துக்கொள்ளலாம்' என்று உம்மாவும் இருந்துவிட்டார்கள். அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்குமாறு அல்லாஹ் குர்ஆனில் கட்டளையிட்டிருக்கிறான். அதற்கான ஒரே சாட்சியைத்தான் நாம் அழகு கருதி வெட்டியெறிந்தோம்.

முழுவதும் வெட்டுப்படவில்லை. அரபு எழுத்து வலப்புறமிருந்து தொடங்குவதால், இடப்பக்க ஓரக்குறிப்பின் முதலெழுத்து மட்டும் படத்தின் விளிம்பில் எஞ்சியிருக்கிறது. ஒரேயொரு பல். மேலே புள்ளி இருந்தால் நூன், கீழே இருந்தால் பே. படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் மேலும் கீழும் சாம்பல் நிறச் சதுரங்களே தெரிகின்றன.

அத்தெருவில் அக்காலத்தில் ஒரு நபீசாவும் ஒரு பல்கீஸும் இருந்தார்கள் என்கிறார்கள் உம்மா. நபீசாவின் பேத்தி எம் ஊரிலேயே இருக்கிறார். பல்கீஸின் மக்கள் கொழும்புக்குக் குடிபெயர்ந்ததாகக் கேள்வி. அவர்களைத் தேடிக்கொண்டிருக்கிறோம். உள்ளூர் ஆலிமிடமும் விவரம் கேட்டிருக்கிறோம். படங்களில் இன்னும் நாற்பத்தொன்று வாசிக்கப்பட வேண்டியுள்ளன; நாள்தோறும் இஷாவுக்குப் பிறகு இரண்டு மூன்று முடிகின்றன. அலுக்கத்து உம்மாவின் தகரப்பெட்டியில் ஒரு பட்டுத்துணியில் சுற்றியபடியே இருக்கிறது.