பக்கெட் வெந்நீரும் நெய்வேலி புகையும்

"வீட்டைச் சூடாக்குறது எப்படி?"னு ஸ்ரீமுஷ்ணத்துல யார்கிட்டயாவது கேட்டுப் பாருங்க. "சித்திரை மாசம் மத்தியானம் மொட்டை மாடியில போய் நில்லு தம்பி... வீடு என்ன, நீயே சூடாயிடுவே!"னு பதில் வரும். நியாயம்தான். நம்ம ஊருக்கு ஹீட்டர் எதுக்கு?

ஆனா பாஸ், மார்கழி மாசம் விடிகாலையில காலேஜ் பஸ்ஸைப் பிடிக்கணும்னு பக்கெட்டுக்குள்ள கை விடுவீங்களே... அப்போ தெரியும், நமக்கும் சூடு தேவைன்னு. சிதம்பரத்துல ரூம் எடுத்துப் படிக்கிற பார்ட்டியா நீங்க? அப்போ ஹவுஸ் ஓனருக்குத் தெரியாம கட்டிலுக்கு அடியில ஒரு ஹீட்டர் ராடு நிச்சயம் இருக்கும். (ஸ்விட்சை ஆஃப் பண்ணி, பிளக்கைப் பிடுங்காம தண்ணியில கை வெக்காதீங்க, ப்ளீஸ்!)

அந்த ராடு சாப்பிடுற கணக்கைப் பார்ப்போம். 20 லிட்டர் பக்கெட். தண்ணியை 20 டிகிரி ஏத்தணும். பிளஸ் டூ ஃபிஸிக்ஸ் போதும்... கிட்டத்தட்ட அரை யூனிட் கரண்ட். 1500 வாட்ஸ் ராடுன்னா இருபது நிமிஷம். அரை யூனிட்தானேன்னு தோணும். 200 பேர் இருக்கிற ஹாஸ்டலில் ஆளுக்கு ஒரு பக்கெட்னா, ஒரு காலைக்கு மட்டும் 100 யூனிட்!

அந்தக் கரண்ட் எங்கிருந்து வருது? நம்ம பக்கத்து நெய்வேலியிலிருந்தும்தான். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணியோட கறுப்பா ஏதோ வந்ததில் ஆரம்பிச்ச கதை அது. 1962-ல் முதல் அனல் மின்நிலையம் ஓட ஆரம்பிச்சு, 2020-ல் ஓய்வு பெற்றது. இப்போ புது யூனிட்கள் ஓடுது. பழுப்பு நிலக்கரியின் எடையில் கிட்டத்தட்ட பாதி வெறும் ஈரம். அதனால் ஒரு யூனிட் கரண்ட் எடுக்க ஒரு கிலோவுக்கு மேல் கார்பன்-டை-ஆக்ஸைடு வெளியே போகுது.

நம்ம ஒயர்ல வர்றது நெய்வேலி மட்டுமில்லை. காற்றாலை, கூடங்குளம், சோலார்னு எல்லாம் கலந்த கதம்ப சாதம். ஆனா நாம குளிக்கிற நேரத்துல சோலார் பேனல் தூங்கிட்டு இருக்கும்!

புகையோட முடிஞ்சாலும் பரவாயில்லை. 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பு பக்கத்து வளையமாதேவியில், சுரங்க விரிவாக்கத்துக்கான வாய்க்கால் வேலைக்காக, நெற்பயிர் நின்ன வயலுக்குள்ள பொக்லைன் இறங்கினதை டி.வி-யில பார்த்திருப்பீங்க. உங்க கிளாஸ்லயே அந்தப் பக்கத்து ஃப்ரெண்ட் யாராவது இருக்கலாம். 'சூடு' நமக்கு சும்மா கிடைக்கலை மக்களே. யாரோ ஒருத்தரோட வயல் வழியாத்தான் வருது.

அப்போ பச்சைத் தண்ணியிலயே குளிக்கச் சொல்றியான்னு முறைக்காதீங்க. வேற வழி இருக்கு. அது உங்க வீட்டு சமையக்கட்டுலயே இருக்கு!

ஃப்ரிட்ஜோட பக்கவாட்டுலயோ பின்னாடியோ கை வெச்சுப் பாருங்க. வெதுவெதுன்னு இருக்கும். உள்ளே இருக்கிற பால், தக்காளியோட சூட்டை உறிஞ்சி ஃப்ரிட்ஜ் வெளியே தள்ளுது. அதாவது, சூட்டை அது உண்டாக்கலை. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு இடம் மாத்துது. சூட்டை உண்டாக்குறதுக்குத்தான் செலவு அதிகம். சுமந்து போக கூலி கம்மி. இதே டெக்னிக்கில், வெளிக்காத்துல இருக்கிற சூட்டை எடுத்து வீட்டுக்கோ தண்ணிக்கோ கொடுக்கிற மெஷினுக்குப் பேர்தான் ஹீட் பம்ப். ஒரு யூனிட் கரண்டுக்கு மூணு யூனிட் சூடு தரும். நம்ம ஹாஸ்டல் கணக்கு 100-லிருந்து 33-க்கு இறங்கிடும்.

குளிர் நாடுகள் இதைத்தான் பிடிச்சுக்கிட்டிருக்கு. நார்வேயில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் ஹீட் பம்ப். 1973 எண்ணெய் நெருக்கடியில் அடிவாங்கின டென்மார்க், வேற ரூட் போச்சு. கோபன்ஹேகனில் வீட்டுக்கு வீடு பாய்லர் கிடையாது. ஓரிடத்தில் சூடாக்கின தண்ணி குழாய் வழியா ஊர் முழுக்க, நம்ம குடிதண்ணி சப்ளை மாதிரி, ஓடுது. லண்டன் ஈஸ்ட் ஹாம்ல இருக்கிற நம்ம சொந்தக்காரங்க வீட்டுலதான் இன்னும் பெரும்பாலும் கேஸ் பாய்லர். அதை எடுத்துட்டு ஹீட் பம்ப் வெச்சா, 2023 அக்டோபரிலிருந்து அரசாங்கமே 7,500 பவுண்டு வரை மானியம் தருது.

ஆஸ்லோவில் மைனஸ் 10 டிகிரியிலயே வேலை பார்க்கிற மெஷினுக்கு, நம்ம ஊர் மார்கழி அல்வா சாப்பிடுற மாதிரி!

"மொட்டை மாடியில சோலார் ஹீட்டர் வெச்சா முடிஞ்சுதே?"னு கேட்கலாம். வெயில் நாளுக்கு அதை அடிச்சுக்க ஆளில்லை. ஆனா வெந்நீர் தேடுற ஐப்பசி, கார்த்திகையில்தான் நமக்கு அடைமழை. சூரியன் லீவு லெட்டர் கொடுத்துடுவார். போர் தண்ணியோட உப்பு படிஞ்சு குழாய் அடைக்கிற தொல்லை வேற. அதனால வெயிலுக்கு சோலார், மழைக்கு ஹீட் பம்ப்னு ரெண்டும் கூட்டணி வெச்சாதான் சரிப்படும்.

அப்புறம் ஏன் எங்கேயும் காணோம்? கீஸரைவிட விலை பல மடங்கு. அதைவிடப் பெரிய சிக்கல், மெஷின் வாங்க வேண்டியது ஹவுஸ் ஓனர், கரண்ட் பில் கட்டுறது நாம. மிச்சமாகிறது நம்ம காசுன்னா அவர் எதுக்குக் கைக்காசு போடணும்? ஈஸ்ட் ஹாம்ல வாடகைக்கு இருக்கிறவருக்கும் இதே தலைவலிதான்.

இந்தத் தலைவலி இல்லாத ஓரிடம் உண்டு. அதுதான் ஹாஸ்டல். அங்கே மெஷின் வாங்குறதும் பில் கட்டுறதும் ஒரே நிர்வாகம். போட்ட காசு அவங்க பாக்கெட்டுக்கே திரும்பி வரும். அதனால ஹாஸ்டல் டே மீட்டிங்கில் சிக்கன் பத்தலைன்னு சண்டை போடுறப்போ, கூடவே இந்தக் கணக்கையும் ஒரு பேப்பரில் எழுதி வார்டன் கையில கொடுங்க. ஆள் எண்ணிக்கை, பக்கெட், யூனிட், ரூபாய்... நாலே வரி போதும்.

மெக்கானிக்கல் பசங்களே, ரெஃப்ரிஜரேஷன் பேப்பரை அரியர் வைக்காதீங்க. கூலிங்னு நினைச்சுப் படிக்கிற அதே பாடத்தைத்தான், உலகம் ஹீட்டிங்குக்காகத் தேடிக்கிட்டிருக்கு!