சுண்டுவிரல்

பணி ஓய்வு விழாவில் என்னை ‘மயக்க டாக்டர்’ என்றுதான் மேடைக்கு அழைத்தார்கள். என்னிடம் கை ஒடிந்து வந்தவர்களில் பெரும்பாலோர் மயங்கவே இல்லை. ஊர்க்கதை பேசிக்கொண்டே ஆபரேஷன் முடிந்து போனார்கள். அதை யாரிடம் சொல்ல?

காறை எலும்புக்கு மேலே ஊசி போட்டு, கையை மட்டும் மரக்கவைப்பது சூப்ராகிளாவிகுலர் பிளாக். அதில் எனக்குக் கடைசிவரை அடங்காதது சுண்டுவிரல். கட்டைவிரல் மரத்துவிடும், முழங்கை தொங்கிவிடும், இது மட்டும் விழித்திருக்கும். மருந்து, கைக்குப் போகும் நரம்புக் கற்றையின் கீழ் ட்ரங்கை எட்டவில்லை என்று அர்த்தம். அது முதல் விலா எலும்பை ஒட்டிக் கிடக்கிறது. அங்கே ஊசி கொஞ்சம் வழுக்கினால் நுரையீரல். 1911-இல் இந்த பிளாக்கை எழுதிவைத்த ஜெர்மன்காரர் குலென்காம்ப், தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்தவர். அவருக்குச் சுண்டுவிரல் மரத்ததா என்று கேட்க ஆசை.

எனக்கு வேலை கற்றுத்தந்த எங்கள் மேடம், ஊசியை எடுத்த பிறகு இருபது நிமிடம் யாரையும் கத்தியைத் தொட விடமாட்டார். சர்ஜன் கை கழுவி வந்து முறைத்தாலும் சரி. “சுண்டுவிரல்ல குத்திப் பார்த்தியா தம்பி?” என்பார். ஒருநாள் தென்னையிலிருந்து விழுந்த ஒருவருக்கு, பார்க்காமலே ‘பார்த்தேன்’ என்றேன். கத்தி பட்டது. மனிதர் சத்தம் போடவில்லை. விரல் மட்டும் மெல்ல மடங்கியது. முழு மயக்கம் கொடுத்து முடித்தோம். மேடம் என்னைத் திட்டவில்லை. கேஸ் ஷீட்டில் ‘பிளாக் போதவில்லை’ என்று எழுதி, கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

இப்போது ஊசி போடும்போதே பார்க்க அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் வந்துவிட்டது. நல்லதுதான், ஊசிமுனையும் நுரையீரல் உறையும் கண்ணுக்குத் தெரிகின்றன. ஆனால் ஜூனியர் பிள்ளைகள் திரையைப் பார்க்கிற அளவுக்கு ஆளைப் பார்ப்பதில்லை. நாற்பது கிலோ பாட்டிக்கு 0.5 சதவீத பியூபிவகெயின் என்ற மரப்பு மருந்தை 30 மில்லி ஏற்றினால் 150 மில்லிகிராம்; அந்த எடைக்கு அது மிக அதிகம். கணக்குப் போட ஒருவருக்கும் நேரமில்லை. மருந்து ரத்தத்தில் கலந்தால் உதடு மரக்கும், காது இரையும், வலிப்பு வரும், இதயமும் நின்றுபோகலாம். உடனே மாற்று மருந்தாக 20 சதவீத லிப்பிட் வேண்டும், கிலோவுக்கு ஒன்றரை மில்லி. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் அந்தப் பாட்டிலை அலமாரியில் பூட்டி, சாவியைக் கீழ்மாடி ஸ்டோரில் வைத்திருந்தார்கள்.

கடைசி வாரம் ஒரு பாட்டிக்கு ஜூனியர் போட்ட பிளாக். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, “ரெடி சார், மருந்து பரவினதைப் பார்த்தோமே” என்றார்.

“சுண்டுவிரலை மடக்குங்க ஆத்தா” என்றேன்.

மடக்கினார்.