வலிமையும் மெலிவும்

தொழில் தொடங்க எண்ணுவோர், அதன் வலிமை, மெலிவு, வாய்ப்பு, இடர் ஆகிய நான்கையும் ஒரு தாளில் நான்கு கட்டங்களாக எழுதி ஆராய்தல் இக்கால வழக்கு. வணிகத் துறையினர் இதனைச் 'சுவாட்' ஆய்வு என்பர். (பலவீனம் என்பதினும் மெலிவு என்னும் சொல்லே எனக்கு உவப்பு.) முன்னிரண்டும் நம்மிடத்தே உள்ளவை, பின்னிரண்டும் புறத்தேயிருந்து வருபவை. பெயர் புதிதாயினும் பொருள் நமக்குப் புதிதன்று. திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்திருத்தலை மாணவர்கள் அறிவீர்கள்.

வ. உ. சிதம்பரனார் 1906ஆம் ஆண்டில் தூத்துக்குடியில் நிறுவிய சுதேசிக் கப்பல் கம்பெனியை இங்கு நோக்குவோம். மக்களின் நாட்டுப்பற்று அதன் பெருவலிமை. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே நடந்த போக்குவரத்து அதன் வாய்ப்பு. தொடக்கத்தில் சொந்தக் கப்பல் இன்மை அதன் மெலிவு. 1907இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்களை வாங்கி அதனை நீக்கினர். போட்டியிட்ட ஆங்கிலக் கம்பெனியோ கட்டணத்தைக் குறைத்தது. பின்னர்ப் பயணிகளைக் கட்டணமின்றி ஏற்றிக் குடையும் கொடுத்தது என்பர். ஆயினும், சுதேசிக் கம்பெனியைச் சாய்த்தது அக்குடை அன்று என்பதே என் கருத்து. அப்பெருமுயற்சி பெரிதும் ஒருவர் தோளில் நின்றது. அவரது நாட்டுப்பற்று கப்பலுக்குப் பயணிகளைச் சேர்த்தது. அதுவே ஆங்கில அரசின் சினத்தையும் சேர்த்தது. 1908 மார்ச்சில் அவர் சிறைப்பட்டார். 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. வலிமைக் கட்டத்தில் எழுதத்தக்க ஒன்றே இடருக்கும் வாயிலாயிற்று.

கொடுங்கையூரில் எங்கள் தெருப் பெண்கள் சிலர், பழைய தாளையும் நெகிழியையும் வாங்கித் தரம் பிரித்து விற்கும் தொழிலுக்கு வங்கிக் கடன் கேட்க முனைந்தனர். அலுவலர்முன் எடுத்துரைக்க வேண்டிய தாளை என்னிடம் காட்டினர். வலிமைக் கட்டத்தில் பதினொரு வரிகள். மெலிவுக் கட்டத்தில் 'இல்லை' என்னும் ஒரே சொல்!

"ஐயா, குறையைச் சொன்னால் கடன் தருவார்களா?" என்றார் ஒருவர்.

"பணம் தருபவர் முதலில் தேடுவது அதைத்தான், அம்மா," என்று கூறிச் சிதம்பரனார் வரலாற்றைச் சொன்னேன்.

இரு நாள் கழித்துத் தாள் வேறாக வந்தது. விலை பேச அறிந்தவர் ஒருவரே. மழைக்காலத்தில் கொட்டகையில் நீர் தேங்கும். பழைய தாளின் விலை திடீரென வீழும் என எழுதியிருந்தனர். தரையை உயர்த்துவதற்காகும் செலவும், விலை பேச இன்னொருவரைப் பழக்கும் முறையும் எதிரே குறிக்கப்பட்டிருந்தன.

வங்கி அலுவலர் வலிமைக் கட்டத்தை விரைந்து கடந்து, "இந்த அம்மையார் நோயுற்றால் விலை பேசுபவர் யார்?" என்று வினவினாராம். பின்வரிசையில் இருந்த இளம்பெண் எழுந்து, சரக்குகளின் வகையையும் ஒவ்வொன்றுக்கும் அன்றைய விலையையும் சொல்லத் தொடங்கினாள்.