லேபிளில் இருக்கிற பெயர்

லினக்ஸ் சர்வரில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு விசித்திரமான எரர் அறிமுகமாகியிருக்கும். புரோகிராமின் பெயரைத் தட்டி என்டர் அடித்தால் 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி' என்று வரும். அப்படி ஒரு கோப்பே இல்லையாம். ஆனால் எல்எஸ் கொடுத்துப் பார்த்தால் கோப்பு அங்கேயேதான் இருக்கும். அளவு, தேதி, அனுமதி எல்லாமே சரியாக இருக்கும். கண் முன்னால் இருப்பதை இல்லை என்று சாதிக்கிற மெஷினை என்ன செய்ய?

மெஷின் பொய் சொல்வதில்லை. அது தேடியது வேறு ஒன்றை. ஒரு பைனரியை ஓடவிடுவதற்கு முன்னால், அதற்குள் எழுதியிருக்கும் லோடரின் பாதையைக் கெர்னல் படிக்கும். லோடர் என்பது அந்தப் புரோகிராமுக்குத் தேவையான லைப்ரரிகளைத் தேடிப்பிடித்து மெமரியில் ஏற்றுகிற இன்னொரு சின்ன புரோகிராம். 64 பிட் சர்வரில் பழைய 32 பிட் புரோகிராமைக் கொண்டுவந்து வைத்தால், அது கேட்கிற 32 பிட் லோடர் பெரும்பாலும் அங்கே இருக்காது. இல்லாமல்போனது லோடர். பழி விழுவது புரோகிராம் மேல்.

இந்த வேலைக்கு வந்து ஏழு வருஷமாச்சு. 'என்ன வேலை பாக்கற?' என்று கேட்கிற சொந்தக்காரர்களிடம் 'கம்ப்யூட்டர் வேலை' என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். உண்மையில் நான் செய்வது, ஒரு பொருளுக்குப் பின்னால் நிற்கிற இன்னொரு பொருளைத் தேடிப் போவது. அதற்குப் பின்னால் இன்னொன்று இருக்கும். டிபெண்டன்சி என்கிறோமே, அதுதான்.

2024 ஆகஸ்டில் ஒரு ரத்த வங்கியின் சர்வர் டிஸ்க் செத்துப்போனது. கொங்குப் பக்கம் ஒரு சின்ன ஊர். எந்த ரத்தப் பை எந்தக் குரூப், யாருக்குக் கிராஸ்மேட்ச் ஆனது, எது எப்போது காலாவதியாகும் என்று எல்லாக் கணக்கும் அந்த ஒரே மெஷினில். பிளேட்லெட் 5 நாள்தான் தாங்கும். சிவப்பணுப் பை, அதில் சேர்க்கிற கரைசலைப் பொறுத்து 35 முதல் 42 நாள். லேபிள் அடிப்பதும் அதே சாஃப்ட்வேர். இரண்டு பேர் சேர்ந்து நடத்திய ஒரு சின்ன நிறுவனம் எழுதிக் கொடுத்தது. அந்த நிறுவனம் இப்போது இல்லை.

சாயங்காலம் ஆறு மணிக்குப் புது மெஷினோடு போய்ச் சேர்ந்தேன். டெக்னீஷியன் அக்கா ரிஜிஸ்டரை விரித்து வைத்துக் கையால் எழுதிக்கொண்டிருந்தார். "ஏனுங் தம்பி, காலைல ஷிப்ட் மாறதுக்குள்ள ஆயிருமா?" என்றார். "பாக்கறேங்க்கா" என்று மட்டும் சொன்னேன். இந்தத் தொழிலில் அதற்கு மேல் வாக்குக் கொடுக்கக் கூடாது.

பழைய மெஷினில் இருந்தது சென்ட்ஓஎஸ் 7. அதற்கான ஆதரவு 2024 ஜூன் 30 அன்றே முடிந்துவிட்டது. பாதுகாப்புத் திருத்தம் எதுவும் இனி வராத சிஸ்டத்தைப் புது மெஷினில் போட எனக்கு மனசில்லை. ராக்கி லினக்ஸ் 8 போட்டேன். பேக்கப்பில் டேட்டாபேஸும் ஹோம் ஃபோல்டரும் பத்திரமாக இருந்தன. புரோகிராமின் பைனரியும் இருந்தது. ஓடவிட்டேன். 'நோ சச் ஃபைல்.'

ஃபைல் என்ற கமாண்டைக் கொடுத்ததும் விஷயம் தெரிந்தது. 32 பிட். ஐ686 ஜிலிப்சியை இன்ஸ்டால் செய்தேன். லோடர் வந்தது. அடுத்து எல்டிடி. ஒரு பைனரி எந்தெந்த லைப்ரரிகளை நம்பியிருக்கிறது என்று வரிசையாகச் சொல்லும் கமாண்ட் அது. நிறைய வரிகளுக்கு நடுவே மூன்று இடத்தில் 'நாட் ஃபவுண்ட்'. ஓப்பன்எஸ்எஸ்எல்லின் பழைய லைப்ரரிகள் இரண்டு, லேபிள் அடிக்கிற லைப்ரரி ஒன்று.

முதல் இரண்டுக்கும் இணையத்தில் ஒரு குறுக்குவழி எப்போதும் கிடைக்கும். சர்வரில் ஏற்கெனவே இருக்கும் புது ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்குப் பழைய பெயரில் ஒரு சிம்பாலிக் லிங்க் போட்டுவிடு, லோடர் ஏமாந்துவிடும் என்பார்கள். லைப்ரரியின் பெயர்க் கடைசியில் வரும் எண் சும்மா ஒட்டிவைத்ததல்ல. சோநேம் என்பார்கள். உள்ளே இருக்கும் ஃபங்ஷன்கள் பழைய புரோகிராமுக்கு ஒத்துவராத அளவுக்கு மாறினால் அந்த எண்ணும் மாறவேண்டும் என்பது மரபு. ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0லிருந்து 1.1க்கு வந்தபோது அப்படித்தான் மாறியது. பெயரை மட்டும் மாற்றி ஒட்டினால் அதிர்ஷ்டம் இருந்தால் உடனே எரர் வரும். அதிர்ஷ்டம் இல்லையென்றால் ஓடும். ஓடுவதுபோல ஓடி என்றைக்கோ ஒருநாள் தப்பாக எதையாவது செய்யும். பக்கத்து மேஜையில் அக்கா ஒவ்வொரு பையையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, குரூப்பை வாய்விட்டுப் படித்து, ரிஜிஸ்டரோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். பி பாசிட்டிவ் பைமேல் ஓ நெகட்டிவ் லேபிளை ஒட்டிவிட்டு 'பிரிண்டர் வேலை செய்யுது' என்று சந்தோஷப்பட முடியுமா?

நேர்வழியும் இருந்தது. இந்த மாதிரிப் பழைய புரோகிராம்களுக்காகவே ரெட்ஹேட் 8 குடும்பத்தில் காம்பாட் ஓப்பன்எஸ்எஸ்எல் 10 என்ற பேக்கேஜை வைத்திருக்கிறார்கள். அதன் ஐ686 வடிவத்தைப் போட்டதும் இரண்டு 'நாட் ஃபவுண்ட்' மறைந்தன. மூன்றாவதுக்கு டிஎன்எஃப்பிடம் கேட்டேன். எந்தப் பேக்கேஜிலும் இல்லை என்றது. உலகத்தின் எந்த ரிப்பாசிட்டரியிலும் இருக்காது. அதை எழுதியவர் அந்த இரண்டு பேரில் ஒருவர். பழைய மெஷினில் யூஎஸ்ஆர் லோக்கலுக்குள் வைத்திருந்திருக்கிறார். பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்ட் அந்தப் பக்கமே போனதில்லை.

பழைய ரசீது ஒன்றில் நம்பர் கிடைத்தது. ராத்திரி பதினொன்றரை. இரண்டாவது ரிங்கில் எடுத்தார். இப்போது விசைத்தறிக்கு உதிரிபாகக் கடை வைத்திருக்கிறாராம். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அதெல்லாம் இன்னுமா ஓடுது கண்ணு?"

"இன்னிக்கு மத்தியானம் வரைக்கும் ஓடுச்சுங்ணா."

மெயின் புரோகிராமின் சோர்ஸ் பங்காளியிடம் போய்விட்டது, அவர் எங்கே என்று தெரியாது, லேபிள் லைப்ரரி மட்டும் தன் பழைய லேப்டாப்பில் கிடக்கலாம் என்றார். அவர் சார்ஜரைத் தேடி, லேப்டாப்பை உயிர்ப்பித்து, மெயில் அனுப்பும்போது மணி ஒன்றரை.

சி மொழியில் சில நூறு வரிகள். 32 பிட்டுக்குக் கம்பைல் செய்யப் போனால் 'ஸ்டப்ஸ் 32' என்ற ஹெடர் இல்லை என்றது. ஐ686க்கான ஜிலிப்சி டெவல் போட்டேன். அடுத்து லிப்ஜிசிசி இல்லை என்றது. அதற்கும் ஐ686. இந்த மாதிரி நேரத்தில் கடைசி வரியைப் பார்த்துப் பதறக் கூடாது. கடைசி வரி 'தோற்றுவிட்டது' என்று மட்டும்தான் சொல்லும். ஏன் என்பது மேலே, முதலில் வந்த எரரில் இருக்கும். கம்பைல் ஆன பிறகும் லோடருக்கு அது தெரியவில்லை. ரெட்ஹேட் குடும்பத்தில் யூஎஸ்ஆர் லோக்கல் லிப் என்ற இடத்தை லோடர் தானாகப் போய்ப் பார்க்காது. எல்டி டாட் எஸ்ஓ டாட் கான்ஃப் டாட் டி ஃபோல்டரில் ஒரு வரி எழுதி எல்டிகான்ஃபிக் கொடுக்கவேண்டும். கொடுத்தேன். எல்டிடியில் 'நாட் ஃபவுண்ட்' ஒன்றுகூட இல்லை.

காலை மூன்றே காலுக்கு முதல் லேபிள் வெளியே வந்தது. அக்கா அதை உடனே ஒட்டவிடவில்லை. "கம்ப்யூட்டர் சொன்னாப் போதுமுங்களா தம்பி, நாம் பாக்கோணுமில்ல" என்று முதல் பத்து லேபிள்களையும் ரிஜிஸ்டரோடு வைத்துப் பார்த்தார். பத்தும் சரி. அதன் பிறகுதான் எனக்கு டீ வந்தது.

அந்த வருஷம் மார்ச் மாதம்தான் எக்ஸ்இசட் விவகாரம் வெடித்திருந்தது. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற இன்ஜினியர், தன் மெஷினில் எஸ்எஸ்ஹெச் லாகின் அரை செகண்ட் தாமதமாவதைக் கவனித்துத் தோண்டியதில், எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 வெளியீடுகளுக்குள் யாரோ கள்ளக்கதவு வைத்திருப்பது தெரிந்தது. எஸ்எஸ்ஹெச்சுக்கு எக்ஸ்இசட் தேவையே இல்லை. சில லினக்ஸ்கள் எஸ்எஸ்ஹெச்சை சிஸ்டம்டியின் லைப்ரரியோடு இணைத்திருந்தன. அந்த லைப்ரரி எக்ஸ்இசட்டின் லைப்ரரியை நம்பியிருந்தது. அந்தக் கருவியைப் பல வருஷமாகப் பராமரித்தவர் கிட்டத்தட்ட ஒரே ஒருவர், லாசே காலின். தனக்கு நீண்டநாள் மனநலச் சிக்கல்கள் இருப்பதையும், இது சம்பளமில்லாத வேலை என்பதையும் 2022லேயே வெளிப்படையாக எழுதியிருந்தார். உதவிக்கு வந்தவர்போல நம்பிக்கையைச் சம்பாதித்து உள்ளே நுழைந்த ஒரு புனைபெயர்தான் கதவை வைத்தது.

இதைப் படித்தபோது பலர் பாதுகாப்பைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு அந்தக் களைத்த மனிதர்தான் மனசில் நின்றார். எல்டிடி காட்டுகிற ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார். அவர் கடை வைத்திருக்கலாம், உடம்பு முடியாமல் இருக்கலாம், செத்தும் போயிருக்கலாம். எல்டிடி அதைக் காட்டாது.

ரத்த வங்கியில் இப்போது லேபிள் லைப்ரரியின் சோர்ஸ் மூன்று இடத்தில் இருக்கிறது. பேக்கப் ஸ்கிரிப்டில் யூஎஸ்ஆர் லோக்கலும் சேர்ந்துவிட்டது. எந்தப் பேக்கேஜ், எதற்காக, எந்த வரிசையில் என்று தமிழில் எழுதி, பிரிண்ட் எடுத்து ரிஜிஸ்டர் இருக்கும் அலமாரியிலேயே ஒட்டியிருக்கிறோம். ராக்கி 8க்கு 2029 மே வரை ஆதரவு உண்டு. மெயின் புரோகிராமுக்கு சோர்ஸ் இல்லை என்பதால், அதற்குள் யாராவது முதலிலிருந்து எழுதியாக வேண்டும். பட்ஜெட் கேட்டு மூன்று கடிதம் கொடுத்தாகிவிட்டது. இன்னும் பதில் இல்லை.

லேபிள் அண்ணனுக்குப் பணம் கொடுக்கப் பார்த்தோம். வாங்கவில்லை. அந்த அலமாரிக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்டுக்கொண்டார். அவர் பெயரும் நம்பரும் இருக்கிறது என்றேன்.

"நம்பர் இருக்கட்டும் கண்ணு. ஆனா நான் எடுக்காட்டியும் ஓடற மாதிரி எழுதி வெச்சுடு" என்றார்.