தேனடையில் தொடங்கும் கணக்கு

பலகோணம் என்றால் என்ன என்று ஏழாம் வகுப்புப் பிள்ளை யாரையாவது கேட்டுப் பாருங்கள். "மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட கோட்டுத்துண்டுகளால் அடைபட்ட உருவம்" என்று ஒரே மூச்சில் பதில் வரும். "சரி, உங்க ஊர்ல ஒண்ணு காட்டு" என்றால் முழிக்கும்! வடிவியலை நாம் ஆரம்பிக்கும் இடம்தான் தவறு என்பது என் கட்சி.

நான் கல்வியியல் படிக்கும் மாணவன். விடுமுறையில் நெல்லிவாசல்நாட்டில் சில பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கும் வாய்ப்பு கிடைத்தது. திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலைமேல் இருக்கிறது இந்த ஊர். சாமையும் தேனும் விளையும் பூமி. ஆனால் விளைச்சல் மட்டும் போதாமல், இந்த மலையின் பல குடும்பங்கள் கூலி வேலைக்கு வெளியூர் போகின்றன. சில பிள்ளைகளும் கூடவே போய்விடுகிறார்கள். திரும்பி வரும்போது பாடம் எங்கேயோ போயிருக்கும். வரையறையில் தொடங்கினால் அந்தப் பிள்ளை முதல் நாளே கடைசி வரிசைக்குப் போய்விடும். அப்புறம் பள்ளிக்கு வருவதே சந்தேகம்தான்.

அதனால் நாங்கள் குச்சியில் ஆரம்பித்தோம். மூன்று குச்சிகளை முனையில் கட்டினால் முக்கோணம். எவ்வளவு அசைத்தாலும் வடிவம் மாறாது. நான்கு குச்சி கட்டினால் நாற்கரம். ஒரு பக்கம் தள்ளினால் சாய்ந்துவிடும். "குறுக்க ஒரு குச்சி கட்டினா நிக்கும்ணா" என்றான் ஒரு பையன். காட்டுப் பரணுக்குக் குறுக்குக் கட்டை வைத்துப் பார்த்தவனுக்கு இது புதிதா என்ன? அந்தக் குறுக்குக் குச்சிதான் மூலைவிட்டம். அது நாற்கரத்தை இரண்டு முக்கோணமாகப் பிரிக்கிறது.

அடுத்து காகிதம். ஒரு முக்கோணம் வெட்டி, மூன்று மூலைகளையும் கிழித்து, முனைகளை ஒன்றாகச் சேர்த்து வைத்தால் நேர்கோடு வரும். அதாவது 180 பாகை. நாற்கரத்தில் இரண்டு முக்கோணம், ஆகவே 360. ஐங்கோணத்தில் மூன்று, ஆகவே 540. ஒழுங்கு ஐங்கோணம் என்றால் ஐந்தால் வகுத்து ஒரு கோணம் 108. ஒழுங்கு அறுங்கோணத்துக்கு 120. சூத்திரத்தை நான் சொல்லவே இல்லை, அவர்களே கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

பிறகுதான் தேனடைக்கு வந்தோம். அதில் ஆறு பக்கம் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். ஏன் ஐந்து இல்லை? காகித ஐங்கோணங்களை ஒட்டி ஒட்டி வைத்துப் பார்த்தோம். இரண்டு மாதம் கழித்துப் பள்ளிக்குத் திரும்பியிருந்த ஒரு சிறுமிதான் முதலில் சொன்னாள்: "நடுவுல சந்து விழுதுண்ணா!" மூன்று ஐங்கோணம் சேர்ந்தால் 324 பாகைதான். மீதி 36 பாகை சந்து. மூன்று அறுங்கோணம் சேர்ந்தால் சரியாக 360. ஒரே அளவுள்ள ஒரே வகை ஒழுங்கு பலகோணத்தால் தரையை இடைவெளியில்லாமல் நிரப்ப முக்கோணம், சதுரம், அறுங்கோணம் மூன்றால் மட்டுமே முடியும்.

அந்த மூன்றில் அறுங்கோணத்துக்கு என்ன விசேஷம்? 100 சதுர செ.மீ. பரப்பை அடைக்க, சமபக்க முக்கோணத்துக்குச் சுமார் 45.6 செ.மீ. சுற்றளவு வேண்டும். சதுரத்துக்கு 40. அறுங்கோணத்துக்குச் சுமார் 37.2 போதும். அதாவது குறைந்த மெழுகில் அதே இடம்! சமபரப்பாகப் பிரிக்கும் எந்த வழியும் இதைவிடச் சிக்கனமாக இருக்க முடியாது என்பதைத் தாமஸ் ஹேல்ஸ் என்ற கணிதவியலாளர் 1999-இல்தான் நிரூபித்தார். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதர்கள் பார்த்துவந்த தேனடைக்கு!

இதே ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. அங்கே 1986-இல் தொடங்கப்பட்ட தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் அகலம், ஒரே வட்டக் கண்ணாடி. அதைவிடப் பல மடங்கு பெரிதாக ஒரே கண்ணாடி செய்வது மிகக் கடினம். அதனால் ஹவாயில் உள்ள கெக் தொலைநோக்கியில் 36 அறுங்கோணக் கண்ணாடிகளைச் சேர்த்து 10 மீட்டர் ஆடி அமைத்தார்கள். 2021-இல் விண்ணுக்குப் போன ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியில் 18 அறுங்கோணங்கள். படத்தைக் காட்டியதும் பிள்ளைகள் சொன்ன ஒரே வார்த்தை: "தேனடை!"

கடைசி நாளில்தான் வரையறையை எழுதிப் போட்டேன். அந்தச் சிறுமி படித்துவிட்டு, "அவ்வளவுதானாண்ணா?" என்றாள்.

உங்கள் வீட்டிலும் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் புத்தகத்தைத் திறக்கும் முன் நான்கு குச்சியும் கொஞ்சம் நூலும் கொடுத்துப் பாருங்கள். மிச்சத்தை அவர்களே சொல்வார்கள்.