காற்றுக் குழாய் வாங்கிய வாரம்

ஜூலை 12, சனி

காலை பத்தரைக்கு கம்ப்ரெஸரின் காற்று ஓஸ் வெடித்தது. செம்பனைக் குலை தள்ளும் கைவண்டி ஒன்றுக்கு டயர் மாற்றிக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். முதலில் மெல்லிய சீழ்க்கை. நான் நிமிர்வதற்குள் டப்பென்று ஒரு சத்தம். பிளந்த முனை சாரைப்பாம்பு மாதிரி துள்ளி என் கெண்டைக்காலில் ஒரு வீச்சு வீசியது. தொட்டியின் வால்வை மூடியபிறகுதான் அடங்கியது. சமையலறையிலிருந்து வீட்டுக்காரி, "கால் இருக்கா?" என்றாள். இருக்கிறது. சிவப்பாக ஒரு கோடு, அவ்வளவுதான்.

மத்தியானம் உட்கார்ந்து அறுத்துப் பார்த்தேன். நீல நிறத்து பாலியூரித்தேன் ஓஸ். வாங்கி மூன்று வருடம்தான். பிளந்த இடம் கிளிப்பிலிருந்து ஒரு சாண். எப்போதும் மடிந்து நிற்கிற இடம் அது. ஆனால் மடிப்பு மட்டும் காரணமில்லை. நீலம் பச்சையாகிப் போயிருந்தது, விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. தீபாவளிக்கு மட்டும் போடும் காலணியை ஒரு வருடம் கழித்து அலமாரியிலிருந்து எடுத்தால், கோயில் வாசலுக்குப் போவதற்குள் அடிப்பாகம் புட்டு மாதிரி உதிருமே, அதுவும் இதே வியாதிதான். இந்தப் பொருளில் எஸ்டர் வகை, ஈதர் வகை என்று இரண்டு உண்டு. எஸ்டர் வகையை ஈரமும் சூடும் சேர்ந்தால் மெல்லத் தின்றுவிடும். நம் ஊரில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. போதாக்குறைக்கு என் பட்டறை வீட்டு முன்தாழ்வாரம், மேற்கு பார்த்தது.

ஜூலை 13, ஞாயிறு

புதிது வாங்குமுன் பழைய சந்தேகம் ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். என் கம்ப்ரெஸர் 2 குதிரைத்திறன், 24 லிட்டர் தொட்டி. நட்டு கழற்றும் காற்றுத் துப்பாக்கி லாரி நட்டைக் கண்டால் முனகுகிறது. மோட்டார்தான் போதவில்லை என்று இத்தனை நாள் அதைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மூலையில் கிடந்த, வெடித்ததைப் போன்ற பழைய கால் இஞ்சு ஓஸ் ஒன்றை மாட்டி, துப்பாக்கிக்கு முன்னால் ஒரு அழுத்தமானி வைத்துப் பார்த்தேன். சும்மா இருக்கையில் 6 பார். விசையை அழுத்தியதும் முள் 4க்குக் கீழே விழுந்தது. தொட்டியின் முள் அசையவே இல்லை. அப்படியானால் குறை மோட்டாரில் இல்லை, வழியில்.

தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் ஃபிட்டராக இருந்தபோது ஒரு பழைய மெக்கானிக் சொன்ன கணக்கு நினைவுக்கு வந்தது. ஒரே அளவு காற்று ஓடும்போது, குழாயின் உள்விட்டம் கூடக் கூட அழுத்த இழப்பு ஏறத்தாழ அதன் ஐந்தாம் மடியில் குறையும். கால் இஞ்சிலிருந்து 3/8 இஞ்சுக்குப் போனால் விட்டம் ஒன்றரை மடங்குதான், ஆனால் இழப்போ ஏறத்தாழ ஏழரையில் ஒரு பங்குக்கு வந்துவிடும். நீளத்துக்கு இந்த மாயம் கிடையாது. இருமடங்கு நீளம் என்றால் இருமடங்கு இழப்பு, நேர்க்கணக்கு. இந்தத் துப்பாக்கிகளெல்லாம் 6.2 பார் கிடைக்கும் என்று நம்பிச் செய்யப்பட்டவை. நான்தான் என் துப்பாக்கிக்குப் பால்புட்டி ரப்பரில் சோறு ஊட்டியிருக்கிறேன்.

ஜூலை 15, செவ்வாய்

கோலசிலாங்கூர் போனேன். வழியில் ஊர்ப் பலகை பெஸ்தாரி ஜெயா என்கிறது, எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். ரப்பர் நின்ற வழி நெடுக இப்போது செம்பனை. அப்பா இருந்திருந்தால் எது எந்த நிரை, எந்த மரம் வாரக்கணக்கில் பால் தராமல் ஏமாற்றியது என்று சொல்லிக்கொண்டே வந்திருப்பார். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், மங்கு கவிழ்த்து, கட்டிப்பால் பொறுக்கியே எங்களை வளர்த்தவர்.

அதனால்தானோ என்னவோ, புக்கிட் மெலாவத்தி அடிவாரத்துக் கடையில் நுழைந்ததும் ரப்பர் ஓஸைத்தான் கை தேடியது. கடை முதலாளி தவுக்கே மூன்றை எடுத்து வைத்தார். பிவிசி மலிவு, ஆனால் வெயிலில் இளகும், ஒருமுறை மடிந்தால் அந்த மடிப்பை மறக்காது. சுருள் ஓஸ், கட்டிப் போட்ட ஆடு மாதிரி எந்நேரமும் பின்னால் இழுக்கும். மூன்றாவது கறுப்பு ரப்பர். கனம், மூன்று மடங்கு விலை, ஆனால் தரையில் போட்டால் போட்ட இடத்தில் கிடக்கும்.

"பால்மர ரப்பர்தானே தவுக்கே?"

"இல்ல அண்ணே. உள்ளே நைட்ரைல். பால்மர ரப்பர் எண்ணெய் குடிச்சு வீங்கிடும்."

கம்ப்ரெஸரிலிருந்து காற்றோடு கொஞ்சம் எண்ணெய்ப் புகையும் வரும் என்பது எனக்குத் தெரியாததா? தெரிந்தும் முகம் சுருங்கிவிட்டது. ஓஸின் மேல் 20 பார் என்று அச்சிட்டிருந்தது. என் கம்ப்ரெஸர் 8 பாரில் தானாக நின்றுவிடும், போதும். 20 மீட்டர் எடுக்கச் சொன்னார். 10 போதும் என்றேன். பணம் கொடுக்காமல், நாளை சொல்கிறேன் என்று திரும்பிவிட்டேன். வறட்டுப் பிடிவாதம்தான்.

ஜூலை 16, புதன்

இரவு ஜாம் போத்தலில் டீசல் ஊற்றி, ஒரு ரப்பர் பேண்டையும் நீலக் கையுறையின் ஒரு விரலையும் போட்டு வைத்திருந்தேன். காலையில் ரப்பர் பேண்ட் தடித்து, நீண்டு, மண்புழு மாதிரி கிடந்தது. இழுத்ததும் அறுந்தது. கையுறை விரல் போட்டது போலவே இருந்தது. ரப்பர் பேண்ட் மரத்துப் பால். கையுறை நைட்ரைல், 1930களில் ஜெர்மனிக்காரர்கள் ரசாயனத்தில் கண்டுபிடித்தது. மரமும் வேண்டாம், பால் வெட்டும் வேண்டாம்.

தாத்தா சொல்லி அப்பா சொன்னது இது: ஜப்பான்காரன் காலத்தில் லயத்துக்கு லயம் ஆள் பிடித்துச் சயாம் ரயில் பாதைக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். 1942இல் மலாயாவின் ரப்பர் ஜப்பானியர் கைக்குப் போனதும், அமெரிக்கா அவசர அவசரமாகச் செயற்கை ரப்பர் ஆலைகளைக் கட்டியது. தாத்தாவின் கூட்டாளிகள் சயாமில் கட்டை சுமந்த அதே வருடங்களில்தான், எங்கள் மரங்களுக்கு மாற்றாள் ஊன்றிக்கொண்டான். இதையெல்லாம் ஒரு ரப்பர் பேண்டை வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தால் வீட்டுக்காரி டீசல் நாற்றத்துக்குத் திட்டாமல் என்ன செய்வாள்?

தவுக்கேயைப் போனில் கூப்பிட்டு, "வெட்டி வை" என்றேன்.

ஜூலை 19, சனி

மாட்டியாயிற்று. அரை மணி வேலை, எனக்கு இரண்டு மணி நேரம். நிட்டோ கப்ளரில் எழுத்தைப் பார்த்து வாங்கவேண்டும். எஸ் என்றால் பெண், பி என்றால் ஆண், எச் என்றால் ஓஸில் செருகுவது. கால் இஞ்சு ஓஸுக்கு எண் 20, 3/8க்கு 30. பழைய பெட்டியில் கிடந்த மரை இணைப்பு ஒன்றைச் சிக்கனத்துக்காக மாட்டிப் பார்த்தேன். இரண்டு சுற்றுப் போய்ச் சிக்கிக்கொண்டது. அது அமெரிக்க மரை, இஞ்சுக்கு 18 பல். நம்முடையது ஆங்கில மரை, 19 பல். வெள்ளை டேப் எத்தனை சுற்றினாலும் ஒரு பல்லை உண்டாக்கிவிட முடியாது. புதிதாக வாங்கி, சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். ஒரு குமிழ்கூட இல்லை.

துப்பாக்கியை அழுத்தினேன். முள் ஐந்தரைக்கு மேலேயே நின்றது. லாரி நட்டு ஒரு உறுமலில் கழன்றது. மகன், "அப்பா, பெரிய கம்ப்ரெஸர் வாங்கணும்னு சொன்னீங்களே?" என்றான். நான் காதில் வாங்கவில்லை.

சுவரில் ஆணி அடித்து ஓஸை மாட்டினால் ஆணியிலேயே மடியும். பழைய கப்சாய் மோட்டார் சைக்கிள் ரிம் ஒன்றைச் சுவரில் பொருத்தி அதில் சுற்றிவிட்டேன், நிழல் பக்கமாக. சாயங்காலம் தொட்டியின் அடி வால்வைத் திறந்ததில் அரைத் தம்ளர் தண்ணீர் வந்தது, மோர் நிறத்தில்.

வீட்டுக்காரி வந்து புது ஓஸை முகர்ந்து பார்த்தாள். அவளும் பால்வெட்டுக்காரர் மகள்தான்.

"ரப்பர்னு சொன்னீங்க. ஸ்டோர் நாத்தமே இல்லையே?"

பழைய நீல ஓஸில் நல்ல பகுதியை நறுக்கி முருங்கைக்குத் தண்ணீர் விட எடுத்துக்கொண்டு போனாள்.