ஹட்ஸன் நதிக்கரைப் பாணர்

கடல் கடந்து வந்து அமெரிக்காவில் குடியேறிய நம்மவர்கள் சங்கீதத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள் என்று யாரும் குறை கூற முடியாது. நியூயார்க் நகரத்து ஃப்ளஷிங்கில் பிள்ளையார் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்த மறு வருஷமே, அதாவது 1978-இல், கிளீவ்லாந்து நகரத்தில் தியாகராஜ ஆராதனை தொடங்கி இன்று பெரிய உற்சவமாக வளர்ந்திருக்கிறது. விடுமுறை நாளில் குழந்தையைக் காரில் ஏற்றிக்கொண்டு வெகு தூரத்தில் உள்ள பாட்டு வகுப்புக்குப் போய், வகுப்பு முடியும் வரையில் பனியில் காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களின் சிரத்தையை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். ஆயினும், நாம் வந்து வாழ்கிற இந்த மண்ணுக்கென்றும் ஒரு பாட்டு உண்டு, அது பருத்திக் காட்டிலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் ரயில் பாதை போட்ட இடங்களிலும் பிறந்து வாய்மொழியாகவே வளர்ந்தது என்பதை நம்மில் அறிந்தவர் மிகச் சிலரே. எனக்கு அதன் வாசலைத் திறந்து காட்டியவர், என் வீட்டிலிருந்து சில மைல் தெற்கே, ஹட்ஸன் நதியின் அதே கரையில் வாழ்ந்து, 2014 ஜனவரி 27-இல் தமது 94-ஆம் வயதில் காலமான பீட் ஸீகர் என்னும் பாஞ்சோ வித்துவான்.

நான் குடியிருக்கும் பொகிப்ஸி வட்டாரம் ஐ.பி.எம். கம்பெனியின் பழைய ராஜ்யம். உத்தியோக நிமித்தம் அங்கே வந்து சேர்ந்த எங்களைப் போன்றவர்கள், வருமான வரிப் படிவங்களையும் பனியில் கார் ஓட்டும் வித்தையையும் சீக்கிரமே கற்றுக்கொண்டு, சம்பளம், வீடு, பிள்ளைகளின் படிப்பு என்னும் வட்டத்துக்குள் சௌக்கியமாகவே வாழ்ந்தோம். இந்நாட்டாரோடு எங்களுக்கு விரோதம் எதுவும் இல்லை. சம்பந்தமும் அதிகம் இல்லை. அப்படியிருக்கையில், அலுவலக நண்பர் ஒருவர் ஓர் அக்டோபர் மாதத்தில் பீக்கன் நகரத்து நதிக்கரையில் நடக்கும் பூசணிக்காய்த் திருவிழாவுக்கு எங்களைக் குடும்பத்தோடு அழைத்துப் போனார். மேடை என்று சொல்லத்தக்க மேடையும் இல்லாத ஓர் இடத்தில், கம்பளிக் குல்லாயும் சாயம் போன ஜீன்ஸும் அணிந்த நெட்டையான கிழவர் ஒருவர், குழந்தைகள் சூழ நின்று, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, மோவாயை வானத்துக்கு உயர்த்திப் பாடிக்கொண்டிருந்தார். குரல் பெரும்பாலும் போய்விட்டிருந்தது; அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. ஏனெனில் பாட வேண்டியது அவர் அல்ல, நாங்கள்தான்.

ஒரு பாட்டின் அடியைத் தாளம் தவறாமல் பேச்சாகவே சொல்லிக் கொடுப்பார். ஜனங்கள் அதைப் பாட்டாகப் பாடி முடிக்கும் தறுவாயில், மூச்சு விடுகிற இடைவெளிக்குள் அடுத்த அடியை எடுத்துக் கொடுப்பார். பிறகு ஆண்களுக்கு ஒரு ஸ்தாயி, பெண்களுக்கு ஒரு ஸ்தாயி என்று பிரித்துவிட்டு, இரண்டும் கூடி எழும்பும்போது தாம் பாடுவதை நிறுத்திக்கொண்டு கேட்டு நிற்பார். நம் கிராமத்துப் பஜனை மடங்களில் பாகவதர் நாமாவளியை எடுத்துக் கொடுக்க, கூடியிருந்தோர் எல்லோரும் சாரீர சுத்தம் பாராமல் வாங்கிப் பாடுவார்களே, அதே முறைதான். ஆனால் நான் பழகியது பஜனை மடமல்ல, சபா. சபாவில் பக்கத்து நாற்காலிக்காரர் வித்துவானோடு சேர்ந்து மெதுவாக முனகினாலும் அவரைத் திரும்பிப் பார்த்து முறைக்கிற ஜாதி நாங்கள். வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவதே ரசிக லக்ஷணம் என்று வளர்ந்த என்னை, பாஷையும் பழக்கமும் வேறான அந்த ஜனத்திரளின் நடுவே, அர்த்தம் பாதி விளங்காத பாட்டொன்றைக் கூச்சம் விட்டுப் பாடும்படி செய்துவிட்டார் அந்தக் கிழவர். அந்நிய தேசத்தில் அதுவரை நான் வேலை செய்திருக்கிறேன், வரி கட்டியிருக்கிறேன், வீடு வாங்கியிருக்கிறேன். நாலு பேரோடு சேர்ந்து வாய் திறந்து பாடியதில்லை. இவரே 1960-களில் காந்தியடிகளின் பிரார்த்தனைக் கூட்டங்களில் பாடப்பெற்ற ராம நாமப் பாட்டைப் பாஞ்சோவோடு பாடி இசைத்தட்டில் பதித்தவர் என்பதைப் பிற்பாடு அறிந்தபோது எனக்கு ஆச்சரியம் உண்டாகவில்லை.

பாஞ்சோவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லாமல் இருப்பது நியாயமாகாது. இதை வெள்ளைக்கார மலைவாசிகளின் வாத்தியம் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இதன் மூதாதை, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட அடிமைகள் தங்கள் ஞாபகத்திலிருந்து சுரைக்குடுக்கையிலும் தோலிலும் செய்துகொண்ட வாத்தியமேயாகும். பாஞ்சோவின் ஐந்தாவது தந்தி மற்றவற்றைவிடக் குட்டையானது. தண்டின் பாதி வழியில், ஐந்தாவது மெட்டருகே தொடங்குவது. அதைக் கட்டை விரலால் மட்டும் மீட்டுவார்கள். பாட்டு எங்கே அலைந்தாலும் அது ஒரே ஸ்வரத்தில் ஆதார சுருதியாக ஒலித்துக்கொண்டே இருக்கும். 1936-இல், வட கரோலினாவின் ஆஷ்வில் நகரத்தில் பாஸ்கம் லமார் லன்ஸ்ஃபோர்டு நடத்திய மலைநாட்டுப் பாட்டுத் திருவிழாவுக்குத் தகப்பனாரோடு போயிருந்த பதினேழு வயதுப் பையன் பீட், இந்த ஐந்து தந்தி பாஞ்சோவைக் கேட்டு மதி மயங்கினான். தகப்பனார் சார்லஸ் ஸீகர் சங்கீத ஆராய்ச்சியில் பெரும் பண்டிதர். தாயார் வயலின் வித்துவாம்சினி. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை ஹார்வர்டு சர்வகலாசாலைப் படிப்பை நடுவில் விட்டுவிட்டுப் பாஞ்சோவைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதைப் பற்றி வீட்டில் என்ன பேசிக்கொண்டார்களோ! தம் குரலுக்கு ஏற்பச் சுருதியை இறக்கிக்கொள்வதற்காகத் தண்டில் மூன்று மெட்டு நீளம் கூட்டி அவர் செய்வித்த பாஞ்சோ பிற்காலத்தில் ஒரு வகையாகவே நிலைத்துவிட்டது. தாம் கற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளவும் இல்லை. 1948-இல், கையால் சுற்றும் பிரதி யந்திரத்தில் தாமே அச்சடித்து ஒரு பயிற்சிப் புத்தகம் வெளியிட்டார். அதைப் பார்த்து வாசிக்கக் கற்றவர்களின் தலைமுறையே ஒன்று உண்டு.

பாட்டையும் அப்படித்தான் கையாண்டார். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரத்துப் புகையிலைத் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் செய்த நீக்ரோப் பெண்கள் பாடிய ஒரு பாட்டை, டென்னஸியில் ஹைலாண்டர் பள்ளியின் சங்கீதப் பகுதியை நடத்திவந்த ஸில்ஃபியா ஹார்ட்டன் கேட்டுக் கற்று, 1947-இல் ஸீகருக்குச் சொல்லிக் கொடுத்தார். அதை ஊர் ஊராகப் பாடித் திரிந்த ஸீகர், 1957-இல் அதே பள்ளியின் ஆண்டு விழாவில் பாட, அதைக் கேட்டவர்களில் மார்ட்டின் லூதர் கிங்கும் ஒருவர். அதுதான் ‘வீ ஷால் ஓவர்கம்’. உலகமெல்லாம் பரவிய அந்தப் பாட்டுக்குச் சேர்ந்த உரிமைத் தொகை தென் மாகாணங்களின் கறுப்பு மக்களுக்கான ஒரு நிதிக்கே போகும்படி ஏற்பாடு செய்துவிட்டார்கள்.

இத்தகைய மனிதரை அரசாங்கம் சும்மா விட்டிருக்கும் என்று எண்ணுபவர்கள் 1950-களின் அமெரிக்காவை அறியாதவர்கள். அவர் சேர்ந்திருந்த வீவர்ஸ் என்னும் குழு, லெட்பெல்லி என்ற கறுப்புப் பாடகரின் பாட்டொன்றை 1950-இல் பாடி வெளியிட, அது பதின்மூன்று வாரம் தேசத்தின் முதல் பாட்டாக விளங்கியது. வறுமையில் உழன்ற லெட்பெல்லி அதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே இறந்து போயிருந்தார். அந்தப் புகழ் வந்த வேகத்தில் போயிற்று. கம்யூனிஸ்டுகள் என்ற குற்றச்சாட்டு எழுந்ததும் ரேடியோவும் ஹோட்டல் மேடைகளும் கதவைச் சாத்திக்கொண்டன. 1955 ஆகஸ்டில் பிரதிநிதி சபையின் அமெரிக்க விரோத நடவடிக்கைக் குழு ஸீகரை அழைத்து விசாரித்தது. தன் மீது தானே சாட்சி சொல்ல மறுக்கும் சட்ட உரிமையின் நிழலில் பலர் ஒதுங்கித் தப்பிய காலம் அது. ஸீகர் அதில் ஒதுங்கவில்லை. தமது கொள்கையையும் வோட்டையும் நட்பையும் பற்றிச் சொல்லும்படி எந்த அமெரிக்கனையும் போல் தம்மையும் வற்புறுத்தும் உரிமை யாருக்கும் இல்லை என்று சொல்லிவிட்டு, வேண்டுமானால் தம் பாட்டுக்களைப் பாடிக் காட்டுவதாகவும் சொன்னார். குழுவினருக்குப் பாட்டுக் கேட்கும் மனநிலை இல்லை. பதில் சொல்ல மறுத்ததற்காக 1961-இல் ஓராண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டு, மறு வருஷம் மேல் கோர்ட்டில் அது தள்ளுபடியாயிற்று.

குடியேறியவனாகிய எனக்கு இந்த விருத்தாந்தத்தில் தனிப்பட்ட ஓர் ஈடுபாடு உண்டு. அமெரிக்கப் பிரஜா உரிமை கோரி நாம் எழுதிக் கொடுக்கும் மனுவில், எக்காலத்திலேனும் கம்யூனிஸ்டுக் கட்சியில் அங்கம் வகித்தது உண்டா என்ற கேள்வி இன்றைக்கும் இருக்கிறது. நம்மில் ஒவ்வொருவரும் ஒரு கணமும் தயங்காமல் ‘இல்லை’ என்று குறித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகிறோம். நமக்கு அது தபால் குறியீட்டு எண்ணை எழுதுவது போன்ற காரியம். இந்நாட்டிலேயே பிறந்த ஒருவர் அதே கேள்விக்குப் பதில் சொல்ல மறுத்து ஜீவனோபாயத்தையே இழக்கத் துணிந்தார் என்பதை அறிந்த பிறகுதான், நாம் வாங்கிக்கொள்ளும் உரிமைக்கு விலை கொடுத்தவர்கள் யார் யார் என்று எனக்கு விளங்கிற்று.

அவருடைய அரசியலில் குறையே இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. ஸ்டாலின் ஹிட்லரோடு உடன்படிக்கை செய்திருந்த காலத்தில் யுத்தம் கூடாதென்று பாடிய, வீவர்ஸுக்கு முந்தைய அவருடைய குழு, ஜெர்மனி ரஷ்யாவின் மீது பாய்ந்ததும் யுத்தம் வேண்டுமென்று பாடியது. தாம் சேர்ந்திருந்த கம்யூனிஸ்டுக் கட்சியை விட்டு விலகிய பின்னும் ஸ்டாலினுடைய கொடுமைகளை வாய் திறந்து கண்டிப்பதற்கு அவருக்கு வெகு காலம் பிடித்தது. முதுமையில் அதற்காக வருந்தி எழுதினார். ஸ்டாலினைச் சாடிப் பாட்டும் கட்டினார். தாமதந்தான் என்று சொல்வோருக்கு நான் மறுப்புச் சொல்ல மாட்டேன்.

கம்யூனிஸ்டு என்று சொல்லி ஸீகரைத் தொலைக்காட்சியில் சுமார் பதினேழு வருஷம் முகம் காட்ட விடாமல் தடுத்தவர்கள் கண்ட பலன் என்னவென்றால், அவர் கல்லூரிகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் கோடைக்காலச் சிறுவர் முகாம்களுக்கும் போய்ப் பாட ஆரம்பித்தார். அங்கே கேட்ட பிள்ளைகள்தாம் 1960-களில் கித்தாரும் பாஞ்சோவுமாக எழுந்து நின்றார்கள். அந்த வருஷங்களில் குடும்பத்தைக் காப்பாற்றியவர் மனைவி தோஷி. ஜப்பானிய வம்சத்தவரை முகாம்களில் அடைத்து வைத்திருந்த 1943-இல், ஜப்பானியத் தகப்பனாருக்குப் பிறந்த அந்தப் பெண்ணை அவர் மணந்தார். 1949-இல் பீக்கன் அருகே மலைச்சரிவில் நிலம் வாங்கி, மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் இல்லாத இடத்தில் மரங்களை வெட்டித் தம் கையாலேயே கட்டிய வீட்டில், கணக்கு வழக்கையும் கச்சேரி ஏற்பாடுகளையும் பிள்ளைகளையும் கவனித்துக்கொண்டவர் தோஷியே. ஸீகரைப் புகழும் கட்டுரைகளில் இந்த அம்மாளுக்கு ஒரு வரிக்குமேல் கிடைப்பதில்லை; இதில் மட்டும் அதிகம் கிடைத்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன்.

வீட்டு வாசலிலிருந்து தெரியும் ஹட்ஸன் நதியோ அக்காலத்தில் சாக்கடையாக இருந்தது. ஊர்களின் கழிவு ஒரு பக்கம். மேலே வடக்கில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் இரண்டு தொழிற்சாலைகள் 1947 முதல் 1977 வரையில் ஆற்றில் விட்ட பி.சி.பி. என்னும் ரசாயனம் மற்றொரு பக்கம். அந்த ரசாயனம் நீரில் கரைந்து போய்விடுவதல்ல. அடிச்சேற்றில் தங்கி, புழுக்கள் வழியாக மீன்களின் கொழுப்பில் ஏறி, அவற்றைத் தின்பவர்களின் உடம்பில் சேர்வது. 1976-இல் வரிப் பாஸ் மீன் பிடித்து விற்பதையே ராஜ்ய அரசாங்கம் தடுக்கும்படி ஆயிற்று. இந்த நதியைச் சுத்தம் செய்ய ஸீகர் கண்ட வழி, பழைய காலத்து ஹட்ஸன் பாய்க்கப்பலைப் போல 106 அடி நீளத்தில் ஒரு கப்பல் கட்டுவது! கழிவு நீருக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம் என்று பலர் சிரித்தார்கள். பாடிப் பாடிப் பணம் சேர்த்து, மெய்ன் மாகாணத்தில் கட்டி, 1969-இல் ‘கிளியர்வாட்டர்’ என்ற பெயரோடு மிதக்கவிட்டார்கள். அவருடைய யுக்தி எளிதானது: ஜனங்கள் நதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாழ்கிற வரையில் எந்தச் சட்டமும் அதைக் காப்பாற்றாது, பாய்க்கப்பலைப் பார்க்கவாவது கரைக்கு வருவார்கள், வந்தால் மூக்கைப் பிடிப்பார்கள், மூக்கைப் பிடித்தவர்கள் கேள்வி கேட்பார்கள். 1972-இல் நிறைவேறிய நீர்த் தூய்மைச் சட்டத்தை இந்தக் கப்பல்தான் கொண்டுவந்தது என்பது மிகையாகும். ஆனால் அந்தச் சட்டம் ஹட்ஸன் கரையில் ஏட்டுச் சுரைக்காயாகப் போகாமல் பார்த்துக்கொண்டவர்களில் இந்தக் கூட்டத்தார் முன்னணியில் நின்றார்கள். அந்த ரசாயனச் சேற்றை வாரும் வேலை 2009-இல்தான் தொடங்கி 2015-இல் முடிந்தது. அதன் முடிவைக் காண அவர் இருக்கவில்லை. என் மகள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு அந்தக் கப்பலில் போய், பாய் ஏற்றும் கயிற்றைப் பாடிக்கொண்டே இழுத்துவிட்டு, வலை போட்டு எடுத்த மீன்களின் பெயர்களை ஒப்பித்துக்கொண்டு வீடு வந்தாள்.

இவ்வளவு பிரசித்தி பெற்றவர், சனிக்கிழமைகளில் வாப்பிஞ்சர்ஸ் ஃபால்ஸ் ஊரில் ஒன்பதாம் எண் சாலையோரத்தில், யுத்தம் வேண்டாம் என்ற அட்டையைப் பிடித்துக்கொண்டு சில பேரோடு நிற்பார். கார்கள் போய்க்கொண்டே இருக்கும். சிலர் ஹாரன் அடித்து வாழ்த்துவார்கள். சிலர் ஜன்னலை இறக்கி வைவார்கள். இரண்டுக்கும் கையை அசைப்பார். 2009 ஜனவரியில் ஒபாமா பதவியேற்கும் தருணத்தில் லிங்கன் மண்டபத்தின் முன் லட்சக்கணக்கானோரைப் பாட வைத்தபோதும் அவர் வழக்கம்போலக் கம்பளிக் குல்லாயோடுதான் வந்தார். பீக்கன் படகுச் சங்கத்தில் ஆளுக்கொரு பண்டம் கொண்டுவந்து உண்ணும் கூட்டாஞ்சோற்று நாட்களில், பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பவரையும் விடாமல் பாடச் சொல்வார். 2011-இல், 92 வயதில், இரண்டு கைத்தடிகளை ஊன்றிக்கொண்டு நியூயார்க் வீதிகளில் இளைஞர்களோடு இரவில் ஊர்வலமாக நடந்தார். 2013 ஜூலையில், அறுபத்தொன்பது வருஷம் உடன் வாழ்ந்த தோஷி மறைந்தார். ஆறு மாதம் கழித்து அவரும் போனார்; போவதற்குப் பத்து நாள் முன்புவரை விறகு பிளந்துகொண்டிருந்தாராம்.

நியூயார்க்குக்கு வருகிற தமிழன்பர்கள் வானளாவிய கட்டடங்களைப் பார்த்து முடித்தபின் ஒரு நாளை ஒதுக்கிக்கொண்டு, கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தில் ஹட்ஸன் பாதை ரயிலில் ஏறி, இடப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பீக்கன் வரும். நிலையத்தை அடுத்து நதிக்கரையில் உள்ள பூங்காவுக்குப் பீட், தோஷி இருவர் பெயரையும் வைத்திருக்கிறார்கள்.